அரையா, முக்காலா

நாற்பது வயது வரை மரியபுஷ்பத்துக்கு ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் கொட்டுவதுதான். ரங்கூனில் அலோன் துறைமுகப் பக்கம் ஒரு குளிர்கிடங்கில் பதினாறு வருஷம் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினாள். அந்த ஐஸின் மேல் ஏறி ஓட ஆள் வருவான், அதற்கு டிக்கெட்டும் வாங்குவான் என்று தம்பி பிரான்சிஸ் சொன்னபோது, கோலாலம்பூர் வெயில் இவன் மூளைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

பிரான்சிஸ் கோலாலம்பூரில் ஒரு மாலின் ஐஸ் ரிங்கில் ஏழு வருஷம் வேலை பார்த்தவன். தரை துடைக்கப் போனவன் ஐஸ் ஹாக்கி ஆடக் கற்றுக்கொண்டு வந்தான். ரங்கூனிலும் ஒரு மாலுக்குள் ரிங்க் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனைவி ஷாரோனையும் மகள் ஜாஸ்லினையும் கூட்டிக்கொண்டு திரும்பினான். தாமுவேயில் அக்காவின் நாலாவது மாடி வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். முதல் மாதமே அக்காவுக்கும் ரிங்கில் வேலை பேசிவிட்டான். "மீன் நாத்தம் போதும்க்கா, வா" என்றான். அவன் வா என்றால் அவள் போவாள். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினேழு. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டவள் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அவன் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, அவன் படிப்பு முடிந்தபோது கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

ரிங்குக்கு இயந்திரம் பூட்ட வந்த கொரியாக்காரர் இருபது நாள் தங்கி மூன்று பேருக்கு ஸ்கேட் தீட்டக் கற்றுக்கொடுத்தார். இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு அது சலித்துப்போயிற்று. புஷ்பத்துக்குக் கை படிந்தது. டோ புஷ்பா, அதாவது புஷ்பா அம்மா, தீட்டினால்தான் கால் சொன்னபடி கேட்கிறது என்று ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள்.

கத்தியைத் தீட்டுவது போல என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்கேட்டின் அடித்தகடு விரல் அகலம் கூட இருக்காது. அதன் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடவேண்டும். பள்ளத்தின் இரண்டு கரையும்தான் ஐஸைக் கடிக்கிற விளிம்புகள். அந்தப் பள்ளத்தை எந்த அளவு வட்டத்தின் வளைவில் வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரை இஞ்ச் என்றால் சின்ன வட்டம்: பள்ளம் ஆழம், விளிம்பு கூர்மை, திரும்பும்போது ஐஸை நன்றாகப் பிடிக்கும். முக்கால் இஞ்ச் என்றால் பெரிய வட்டம்: பள்ளம் மேலோட்டம், பிடி குறைவு, ஆனால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஐஸ் கல்லாக இறுகியிருந்தால் அரை வேண்டும். இளகியிருந்தால் முக்கால் வேண்டும். இளகிய ஐஸில் அரையோடு இறங்கினால் விளிம்பு புதைந்து காலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னே போகும்.

வேறு ஊரில் இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லிவிடலாம். ரங்கூனில் கரண்ட் அட்டவணை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எந்தப் பேட்டைக்கு எப்போது மீ, அதாவது கரண்ட், போகும், எப்போது வரும் என்பது ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். மீ போனால் மாலின் ஜெனரேட்டர் விளக்கையும் லிஃப்டையும் தாங்கும், ஐஸை உறைய வைக்கிற இயந்திரத்தை முழுசாகத் தாங்காது. ஒரு மணி நேரத்தில் ஐஸின் மேல் ஈரம் மினுங்கும். அதனால் புஷ்பத்தின் மேஜைக்கு எதிரே அட்டவணை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் அரையா முக்காலா என்று ஆட்டக்காரர்களுக்குச் சொல்வாள். பத்துக்கு ஒன்பது தடவை அவள் சொன்னது சரியாக இருந்தது, அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்கு முந்தின மாதம், சிவப்பு அணிக்கும் நீல அணிக்கும் ஆட்டம். மத்தியானம் இரண்டு மணிக்கு. காலையில் பிரான்சிஸ் ஸ்கேட்டோடு வந்து, கவுண்டரில் ஹாக்கி மட்டையால் இரண்டு தட்டுத் தட்டினான். அது அவன் வழக்கம். வாயால் கூப்பிட்டால் முத்து உதிர்ந்துவிடும்.

"இன்னிக்கு அரை போடுக்கா. நீலத்துலே ஒருத்தன் மூலையிலே என்னைத் தாண்டித் தாண்டிப் போறான். அவனைப் பிடிக்கணும்."

"ஒரு மணிக்கு மீ போயிரும்டா. ஐஸ் கூழாயிரும். முக்கால் போட்டுக்க."

"அரை போடு. என் கால் எனக்குத் தெரியும்."

அவனுக்குக் கால் தெரியும் என்றால் அவளுக்கு அவனைத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் இதே போல இளகிய ஐஸில் அரையோடு இறங்கி முழங்காலைத் திருகிக்கொண்டு, மூன்று மாதம் நாலு மாடி ஏறி இறங்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவன். சரி என்று வாங்கி வைத்தாள். அட்டவணையை ஒரு தடவை பார்த்தாள். முக்காலில் தீட்டினாள். அவன் வந்து "போட்டாச்சாக்கா?" என்று கேட்டபோது, "போட்டாச்சு, அரை" என்றாள். நல்லதுக்குத்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்கு மீ போகவில்லை. மாலின் கீழ்த்தளத்தில் ஒரு நகைக் கண்காட்சியின் திறப்புவிழா. பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று, அந்த ஒரு நாள் மட்டும், அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும், கரண்டை நிறுத்தவில்லை. ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று, விளக்கு இமைக்கக்கூட இல்லை. ஐஸ் கல்லாகக் கிடந்தது. புஷ்பம் அட்டவணையை மறுபடி பார்த்தாள். ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று எழுந்தாள். சொன்னால், அக்கா நீ என்னை ஏமாற்றினாயா என்று கேட்பான். அத்தனை பேருக்கு முன்னால் கேட்பான். இத்தனை நாள் முக்காலில் ஆடியவன்தானே என்று உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை நாள் முக்காலில் ஆடியவன், காலில் முக்கால் இருக்கிறது என்று தெரிந்து ஆடியவன். அன்றைக்கு அரை இருக்கிறது என்ற எண்ணத்தில் மூலையில் திரும்பினான் என்றுதான் அவள் கணக்கு. அவள் அறைக்குள் இருந்தே ஐஸைச் சுற்றி அடித்திருந்த தடுப்புப் பலகை அதிர்ந்த சத்தத்தைக் கேட்டாள். கழுத்து. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

விதி என்றார்கள். ஐஸ் என்றார்கள். ஷாரோன் கணவனை இழந்த வீட்டில் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். புஷ்பம் யாரிடமும் சொல்லவில்லை. மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டு, கோபப்பட்டேன் சாமி, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறம் பேசினேன் சாமி என்று சில்லறைப் பாவங்களை ஒப்பித்துவிட்டு எழுந்து வருவாள். கல்லறைத் திருநாளில் அவன் பேருக்குப் பூசை வைப்பாள். வேலையையும் விடவில்லை. விட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் ஒருவன் முக்கால் கேட்டான். அரைக்கும் சக்கரத்தின் விளிம்பை முதலில் ஒரு வைர முனையால் சீவி வளைக்க வேண்டும். அரையா முக்காலா என்பது அந்த முனையின் திருகில் இருக்கிறது. அவள் திருகை அரையிலிருந்து முக்காலை நோக்கித் திருப்பினாள். முதுகுக்குப் பின்னால், கவுண்டரில், மட்டையால் இரண்டு தட்டு.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கவுண்டருக்கு வெளியே ரப்பர் விரிப்பில் மட்டும் ஈரம் இருந்தது, யாரோ ஸ்கேட்டோடு சற்று முன் வந்து நின்ற மாதிரி. ஐஸ் ரிங்கில் எந்த விரிப்புதான் ஈரமாக இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே திருகை அரைக்குத் திருப்பி வைத்தாள். சத்தம் நின்றது. முக்கால் கேட்டு வந்தவனுக்கு அது கிடைக்கவில்லை. அரையில் தீட்டி, முக்கால் என்று சொல்லிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் அரைதான். நடுவில் இரண்டு தடவை திருகை நகர்த்திப் பார்த்தாள். இரண்டு தடவையும் தட்டு கேட்டது. இரண்டாம் தடவை, "போட்டாச்சாக்கா?" என்று குரலும் கேட்டது, கோபமில்லாத, அவசரக் குரல். அதன்பிறகு அந்தத் திருகைத் தொட அவளுக்குத் துணிவில்லை. ஆட்டக்காரர்கள் ஐஸ் இழுக்கிறது என்று முனகினால், சக்கரம் பழசு, கொரியாவிலிருந்து புதுசு வரவேண்டும் என்பாள்.

பயந்தவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. ஐஸை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிற செல்லையா அலோன்காரர், காளிகோயிலுக்குத் தவறாமல் போகிறவர். பிரான்சிஸ் விழுந்த மூலையில், பலகைக்கு வெளியே, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தபியே இலைக் கொத்து வைத்திருந்தார், பர்மாக்காரர்கள் நாட் தெய்வங்களுக்கு வைப்பது போல.

"அந்த மூலை மட்டும் எத்தனை தண்ணி விட்டாலும் சரியா உறைய மாட்டேங்குது, அக்கா. அடியிலே குழாய் அடைச்சிருக்குன்னு எஞ்சினியர் சொல்றான். சொல்லட்டும்" என்றார்.

வேதக்காரப் பெண்ணுக்கு இது ஆகாது. இருந்தாலும் அவர் விடுப்பு எடுக்கிற நாட்களில் அந்த டம்ளருக்குத் தண்ணீர் மாற்றியது புஷ்பம்தான்.

இந்த நிலையில்தான் ஜாஸ்லின் மட்டையைக் கையில் எடுத்தாள். தகப்பன் இறந்த ஆறாம் மாதம். ஷாரோன் அழுது பார்த்தாள், புஷ்பம் திட்டிப் பார்த்தாள். பெண் அசையவில்லை. அப்பன் பிடிவாதம் அப்படியே இறங்கியிருந்தது. வீட்டில் தமிழ் கேட்டுக்கொண்டு பர்மிய மொழியில் பதில் சொல்கிற பெண், அத்தையிடம் மட்டும் தமிழில் பேசும். இப்போது பதினேழு வயது. பாங்காக்கில் நடக்கும் பெண்கள் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள், வருகிற சனிக்கிழமை தேர்வு ஆட்டம் என்று சொன்னாள்.

இரண்டு வாரம் முன்பு பயிற்சியில் அவள் விழுந்திருந்தாள். மீ போய் ஐஸ் இளகியிருந்த சமயம். விளிம்பு புதைந்து கால் நின்றுவிட, முகம் ஐஸில் மோதித் தாடையில் நாலு தையல். அந்தத் தையல் தழும்போடு வந்து கவுண்டரில் ஸ்கேட்டை வைத்தாள்.

"சனிக்கிழமைக்கு முக்கால் போட்டுத் தாங்க அத்தே. அரை எனக்கு ஆகலே. கால் மாட்டிக்குது."

"அரைதான் பிடிமானம், கண்ணு."

"பிடிச்சதாலேதான் விழுந்தேன்."

புஷ்பம் ஸ்கேட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஸ்கேட் மேஜையிலேயே கிடந்தது. அட்டவணையைப் பார்த்தாள்: சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மீ போகும், ஆட்டம் பத்து மணிக்கு. ஐஸ் இளகித்தான் இருக்கும். முக்கால்தான் வேண்டும், இவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அட்டவணை அன்றைக்கும் இதையேதான் சொல்லியது. மீ போகாவிட்டால்? அவன் பெண்ணும் அதே மூலையில் போய் மோதினால்? அரையில் தீட்டினால் விழுவாள், தாடை கிழியும், கால் உடையும். முக்காலில் தீட்டினால் சாவாள். இப்படித்தான் அவள் புத்தி போயிற்று. பயம் பிடித்த புத்திக்கு வேறு வழி தெரியாது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திருகின் மேல் விரலை வைத்தாள். திருப்பக்கூட இல்லை, வைத்ததுமே கவுண்டரில் இரண்டு தட்டு. விரலை எடுத்தாள். அரையில் தீட்டினாள்.

ஒன்பது மணிக்கு அட்டவணைப்படி விளக்குகள் அணைந்து, ஜெனரேட்டர் உறுமி, பாதி விளக்குகள் எரிந்தன. ஜாஸ்லின் வந்தாள்.

"முக்கால்தானே அத்தே?"

"முக்கால்" என்றாள் புஷ்பம்.

ஜாஸ்லின் ஸ்கேட்டை வாங்கிக்கொண்டு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். காலில் போடவில்லை. தலைகீழாகத் திருப்பி, எரிகிற விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து மெல்ல இழுத்தாள். நகத்தூள் வெள்ளையாக உதிர்ந்தது.

"இது அரை."

"முக்கால்தான். போடு, நேரமாச்சு."

"அத்தே."

அந்தக் குரலில் சண்டை இல்லை. அதுதான் புஷ்பத்துக்குத் தாங்கவில்லை.

"நீ யாருடி என் வேலையைச் சோதிக்கிறது? இத்தனை வருஷத்திலே யாராவது நகத்தை வச்சுப் பார்த்திருக்காங்களா?"

"அப்பா பார்ப்பாரு. ஒவ்வொரு தடவையும். உங்க முன்னாலே பார்க்க மாட்டாரு, உங்களுக்கு மனசு கஷ்டமாயிரும்னு. உடை மாத்துற ரூம்லே வச்சுப் பார்ப்பாரு. எனக்கு இது அவர் காட்டிக்கொடுத்ததுதான்." ஜாஸ்லின் ஸ்கேட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கும் பார்த்தாரு. நான் பக்கத்துலே உட்கார்ந்திருந்தேன்."

புஷ்பம் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்துட்டுச் சிரிச்சாரு. உங்க அத்தே முக்கால் போட்டிருக்கா, மீ போயிரும்னு கணக்குப் போட்டிருக்கான்னாரு. மீ போகலையே, போய் மாத்தி வாங்கிட்டு வாங்கன்னு நான் சொன்னேன். வேண்டாம், சொன்னா ஒரு வாரம் சாப்பிட மாட்டா, நான் பார்த்து ஆடிக்கிறேன்னு சொல்லிட்டுப் போட்டுக்கிட்டாரு."

இரண்டு வருஷமாகப் புஷ்பம் ஒன்றை நம்பியிருந்தாள். அவன் தெரியாமல் போனான், ஏமாற்றியவள் தான் என்பதே அது. அந்தப் பாவத்தை ஒரு குழந்தையைச் சுமப்பது போல இடுப்பில் சுமந்துகொண்டு திரிந்தாள். இப்போது பார்த்தால், அவன் தெரிந்தே போயிருக்கிறான். அக்கா முகம் வாடக் கூடாது என்று, காலுக்கு ஆகாததைக் காலில் கட்டிக்கொண்டு போயிருக்கிறான். இது அதைவிடப் பெரிதாக இருந்தது. அழுகை வரவில்லை.

"உனக்குத் தெரியுமா? ரெண்டு வருஷமா?"

"தெரியும்."

"ஏன் என்னைக் கேட்கலே?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்." ஜாஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் வாயில்லையா அத்தே? நானாவது எந்திரிச்சு வந்து உங்ககிட்டே சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம். ஆட்டம் ஆரம்பிச்சிருச்சுன்னு பேசாம இருந்துட்டேன். கவுண்டர்லே தட்டுற சத்தம் உங்களுக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நினைச்சீங்களா?"

ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். புஷ்பம் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ஈர விரிப்பில் நின்றாள். அந்தப் பெண்ணின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "நான்தான் பொய் சொன்னேன். உங்க அப்பன்கிட்டேயும் சொன்னேன், இப்போ உன்கிட்டேயும் சொன்னேன். பயந்துக்கிட்டே சொன்னேன், கண்ணு" என்றாள். இத்தனை நாள் சாமியாரிடம் வராத வார்த்தை இங்கே வந்தது.

ஐஸின் மேல் ஈரம் மினுங்கத் தொடங்கியிருந்தது. உள்ளே நீல அணிப் பெண்கள் வட்டமிட்டு உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். ஜாஸ்லினின் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள்.

புஷ்பம் ஸ்கேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தீட்டும் இயந்திரம் ஜெனரேட்டரில் மெதுவாகத்தான் சுற்றியது. திருகை அரையிலிருந்து எடுத்தாள். தட்டுச் சத்தம் கேட்டதா இல்லையா என்று பிற்பாடு எல்லாம் தெரிந்து ஷாரோன் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. கேட்டிருக்கும். அவள் கை வைர முனையை முக்கால் வளைவில் ஓட்டியது, சக்கரம் சீவுண்டது, பொறி பறந்தது. இடது, வலது. எண்ணெய்க் கல்லால் பிசிறைத் துடைத்தாள். பத்து நிமிஷத்தில் இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜாஸ்லின் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். ஸ்கேட்டைப் பார்க்கவில்லை. அப்படியே காலை உள்ளே விட்டுக் கயிற்றை இழுக்கத் தொடங்கினாள். அத்தை மனசு நோகக் கூடாது என்று அப்பன் செய்ததையே செய்தாள்.

"கழட்டு" என்றாள் புஷ்பம்.

"இருக்கட்டும் அத்தே. நீங்க போட்டது சரியா இருக்கும்."

"கழட்டுடி. என் முன்னாலே பாரு. சரியில்லேன்னா என் மூஞ்சியைப் பார்க்காதே, வாயைத் திறந்து சொல்லு."

ஜாஸ்லின் கழற்றினாள். வலதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், நகத்தை ஓட்டினாள், கீழே வைத்தாள். இடதை எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். ஒரு விளிம்பில் நகத்தை வைத்தாள், மற்ற விளிம்பில் வைத்தாள். உள்ளேயிருந்து மறுபடி அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். சொல்ல வாயெடுத்துத் தயங்கினாள்.

"இடது காலிலே வெளி விளிம்பு ஒரு இழை உசந்திருக்கு, அத்தே."

புஷ்பத்துக்கு நெஞ்சில் ஒன்று குத்தியது. குத்தட்டும் என்று விட்டாள். "கொடு" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டு, மறுபடி தீட்டுவதற்கு உள்ளே போனாள்.